பச்சை ரப்பரில் ஒரு பிரேக் கட்டை

என் கடை மேசை இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. ஆணி, வாஷர், வால்வு ரப்பர் என்று கைக்கு வந்ததை எல்லாம் அதில் போட்டு வைத்திருப்பேன் என்றுதான் கடைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் இருப்பது ஒரே ஒரு பொருள். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கூடு, அதன் ஓரத்தில் அப்பிக்கொண்டிருக்கும் கருத்த ரப்பர் மிச்சம். சைக்கிளின் முன்சக்கரத்தை அழுத்தி நிறுத்துகிற பிரேக் கட்டை அது. கூட்டின் ஒரு பக்கம் அரத்தால் ராவியதுபோல் சாய்வாகத் தேய்ந்திருக்கும். சிம்பாங் ரெங்கத்தில் இந்தக் கடையைப் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. காற்றடிக்க வந்தவனின் வண்டியைக்கூட பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை. 'காத்தடிக்க வந்தா பிரேக்க நோண்டுறாரு' என்று முணுமுணுப்பார்கள். எனக்குப் 'பிரேக்கு கிழவன்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதும் தெரியும். வைத்துக்கொள்ளட்டும். டின்னில் இருக்கும் கட்டையைச் செய்தவன் நான். அதை நம்பி வண்டியில் ஏறியவர் என் மச்சான், என் அக்காவின் கணவர்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில், குளுவாங் டவுனிலிருந்து சில மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புகைக்கூடத்தில் வேலை. மரத்திலிருந்து வரும் பாலைத் திராவகம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, என்னிடம் அனுப்புவார்கள். நான் அவற்றை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாலைந்து நாள் புகையில் வாட்டி எடுப்பேன். வெள்ளையாக வந்த தகடு வெல்லப் பாகு நிறத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. அந்த வாசனை என் தலைமுடியில், வேட்டியில், தின்னும் சோற்றில்கூட இருந்தது. ஆனால் அந்த வருடங்களில் என் வேலைக்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. ரப்பர் விலை விழுந்து பாதாளத்துக்குப் போய்விட்டது. வாங்க ஆளில்லாமல் தகடுகள் ஸ்டோரில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ரப்பர் அதிகமாகிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாளில், ரப்பர் வெட்டுகிற ஆட்களும் அதிகமாகிவிட்டார்கள் என்றார்கள்.

விடிவதற்குள் நடக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் பெயர் கூப்பிட்டால் வேலை உண்டு என்று அர்த்தம். இப்போது தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி தனியாக ஒரு தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அந்தத் தாளில் பெயர் இருந்தவர்கள் குடும்பத்தோடு ரயிலேறிக் கப்பலேறி ஊருக்குத் திரும்ப வேண்டும். ஒருநாள் அதில் மச்சானின் பெயர் வந்தது. மூன்று மாதம் கழித்துப் போகிற கூட்டத்தில் அவரைச் சேர்த்திருந்தார்கள். மச்சானுக்கு அது திரும்பிப் போவது. அக்காவுக்கு அப்படியில்லை. கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட இந்த லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். எங்கள் அப்பா அம்மா இருவரையும் இந்தத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் வைத்திருக்கிறோம். 'ஊருன்னா எந்த ஊரு? எனக்கு அங்க யாரத் தெரியும்?' என்று அவள் கேட்டாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். புகைக்கூடத்துக்கு ஓர் ஆள் போதும் என்று என்னை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அக்காவைத் தவிர எனக்கும் யாரும் இல்லை.

மச்சான் சும்மா உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குளுவாங்கில் ரொட்டிக்கடை வைத்திருந்த ராவுத்தரிடம் போய் வேலை கேட்டார். ராவுத்தர் நல்ல மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மலாய்க்காரர்களின் கிராமங்களான கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் ரொட்டி கொண்டுபோய் விற்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆனால் சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும். மச்சான் தன்னுடையதைக் காட்டினார். சீனர் சைக்கிள் கடையின் பின்புறம் குவிந்து கிடந்த பழைய இரும்பிலிருந்து ஒரு சட்டம், வேறொன்றிலிருந்து சக்கரம், இன்னொன்றிலிருந்து செயின் என்று பொறுக்கி, இரண்டு வருடமாகச் சேர்த்துக் கட்டிய வண்டி அது. சட்டத்தில் இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்பு. ராவுத்தர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'தம்பி, இது ரொட்டியச் சுமக்காது லா. இதையே யாராச்சும் சுமக்கணும்' என்றார். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்து, 'நல்ல வண்டியோட வாங்க. மறுநாளே வேலை. ஊருக்கெல்லாம் போக வேணாம்' என்றார். அந்தக் கடைசி வார்த்தை மச்சானின் மனசில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பந்தயச் செய்தி வந்தது. குளுவாங் விளையாட்டுக் குழுவினர் ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள், டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் போய்த் திரும்ப வேண்டும். இதற்கு முன் நடந்த பந்தயங்கள் எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும், பந்தயத்துக்கென்றே செய்த மெல்லிய வண்டி வைத்திருந்தவர்களுக்கும்தான். எங்களைப் போன்றவர்கள் ரோட்டோரம் நின்று கை தட்டலாம். இந்த முறை புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். வேலைக்குப் போய்வருகிற சாதாரண சைக்கிள் மட்டும்தான் அதில் ஓடலாம். முன்னே பின்னே பந்தயம் ஓட்டியிருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், கூலிக்காரன் என்றாலும் சரி. முதல் பரிசு ஒரு புத்தம் புதிய சைக்கிள். ஸ்டோர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான்தான் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் 'இன்னொரு தடவ படி மாப்ள' என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து லயத்தில் எங்கள் வீட்டு வாசல் வேடிக்கை பார்க்கிற இடமாகிவிட்டது. மச்சான் பெரட்டு முடித்து, மரம் வெட்டி, பாலை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்துவிட்டு, கஞ்சி குடித்த கையோடு வண்டியை எடுப்பார். முதல் நாள் பெரிய ரோடு வரை போய்வந்ததற்கே தொடை பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் கிடந்தார். மிதிப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். 'மிதிச்சா ஓடும், நிறுத்துனா விழும். இதுல என்ன ரகசியம்?' என்பார். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மூச்சை எப்படி விடுவது, மேட்டில் எப்போது எழுந்து மிதிப்பது, எப்போது உட்காருவது என்று ஒவ்வொன்றையும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார். சொல்லித் தர யாரும் இல்லை. மேடு ஏறப் பழகுவதற்காக என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மிதிப்பார். அவருடைய பயிற்சியில் நான்தான் மூட்டை. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் எங்களைப் பார்த்து, 'அலமாக்! கல்யாண ஊர்வலமா?' என்று கேட்காத நாளில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மச்சான் வண்டியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதைப் பார்த்து அக்கா, 'என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பகூட இப்படி ஒரு நாளு பாத்ததில்ல' என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மட்காட்டைக் கழற்றினோம். செயின் மூடி, மணி, ஸ்டாண்ட், எல்லாம் கழற்றினோம். பின்பிரேக்கின் கம்பிகள் கனமாக இருக்கின்றன என்று அதையும் கழற்றிவிட்டோம். ஒரு பிரேக் இருந்தால் போதும் என்பது பந்தய விதி. வலது கையால் பிடிக்கிற முன்பிரேக் மட்டும் மிஞ்சியது. அதன் இரண்டு கட்டைகளும் தேய்ந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. புதுக் கட்டை சைக்கிள் கடையில் கிடைக்கும். ஆனால் இருந்ததையெல்லாம் சுரண்டி அப்போதுதான் முன்சக்கரத்துக்கு டயர் மாற்றியிருந்தோம். நான்தான் சொன்னேன், 'ரப்பர்க் கட்டைதான மச்சான்? நம்மகிட்ட இல்லாத ரப்பரா?' என்று. சொன்னபோது எனக்கு ஒரு பெருமை. உலகத்துக்கே ரப்பர் அனுப்புகிறவர்கள் நாங்கள். ஸ்டோரில் கூரை முட்டக் கிடக்கிறது. கை நீளத் துண்டுக்கா பஞ்சம்? நன்றாகப் புகை பிடித்த தகடுகளின் ஓரத்தை யாரும் பார்க்காமல் வெட்டி எடுத்தேன். அது திருட்டுத்தான், தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். நாலு மடிப்பாக மடித்து, சூடு காட்டி, மரச் சுத்தியலால் அடித்து ஒன்றாக்கி, பால் வெட்டும் உளியால் அளவு பார்த்துச் சீவினேன். கடைக் கட்டை கறுப்பாக இருக்கும். என்னுடையது தேன் நிறத்தில் கண்ணாடி போல் இருந்தது. கூட்டில் செருகிப் பிடித்துப் பார்த்தோம். கடைக் கட்டையைவிட இறுக்கமாகப் பிடித்தது. சக்கரம் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது. மச்சான் என் முதுகில் ஓங்கி அறைந்து, 'கை ராசிக்காரன்டா மாப்ள நீ' என்றார்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு பெயர் கொடுக்கக் குளுவாங் போனேன். போகிற வழியில் அந்தச் சைக்கிள் கடையில் ஒரு நட்டு வாங்க நின்றேன். கையோடு கொண்டுபோயிருந்த உபரிக் கட்டை ஒன்றைக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் காட்டினேன். பீற்றிக்கொள்ளத்தான் காட்டினேன், அறிவுரை கேட்க அல்ல. அவர் அதை வாங்கி முகர்ந்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்த குழி மெல்ல மேலே வந்தது. பிறகு விளக்கின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு மறுபடி அழுத்தினார். இந்த முறை குழி மேலே வரவில்லை. 'இனி கெத்தா மெந்தா லா. பானாஸ், தா போலே' என்றார். இது பச்சை ரப்பர், சூடானால் ஆகாது என்றார் மலாயில். டயரிலும் கட்டையிலும் இருப்பது வேகவைத்த ரப்பர், இது வேகாதது என்று கையால் அடுப்பு மாதிரிக் காட்டி விளக்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரப்பரைப் பற்றி எனக்கே பாடமா? நாலு நாள் புகையில் வாட்டியதை வேகாதது என்கிறானே இந்த ஆள். தன் கடைச் சரக்கு விற்கட்டும் என்று சொல்கிறான், வேறென்ன. கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மச்சானிடம் பெயர் பதிந்ததைச் சொன்னேன். ராவுத்தர் விசாரித்ததைச் சொன்னேன். தவுக்கே சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல அது. என் கை வேலையை இன்னொருவன் குறை சொன்னதை என் வாயால் திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடவுள் எனக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மச்சான் தோட்டத்து மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தார். பாதி வழியில் ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரியாத வாடையா அது? புகைக்கூடத்தில் தகடு நெருப்புக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால் வருகிற அதே இனிப்பான கருகல். வண்டி நின்றதும் குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் உட்பக்க இரும்பில் பழுப்பாக ஏதோ மெழுகியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. 'என்ன மாப்ள, ஏதோ வாடை அடிக்குது?' என்றார். நான் நிமிர்ந்து, 'எம்மேல வர்ற வாடைதான் மச்சான். புகைக்கூடத்துல வேலை செய்றவன் மேல மல்லிகைப்பூவா மணக்கும்?' என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலமே மண்ணெண்ணெய்த் துணியால் சக்கரத்தைத் துடைத்து, பழைய கட்டைகளை எடுத்துவிட்டு அதே மாதிரி புதிதாக இரண்டு வெட்டிப் போட்டேன். புதுசு என்றால் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல வேடிக்கைப் பேச்சு எது என்று கேட்டால் அந்த மல்லிகைப்பூதான். அதை நினைக்காமல் நான் ஒருநாளும் தூங்கியதில்லை.

பந்தய நாள் காலை வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. குளுவாங் ரயில் நிலையத்துக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் வண்டிகளோடு நின்றார்கள். மலாய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், சீன மளிகைக்கடைப் பையன்கள், ரயில்வே ஆட்கள், போலீஸ்காரர் இருவர், தோட்டத்திலிருந்து மச்சான் ஒருவர்தான். கால்சட்டை இல்லாததால் வேட்டியை இறுக்கித் தார் பாய்ச்சிக் கட்டியிருந்தார். செருப்பு இல்லை. குழுவைச் சேர்ந்த ஒருவர் ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். மச்சானின் வண்டி தள்ளியதும் டக்கென்று நின்று பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. அவர் தலையை ஆட்டி, 'பாகுஸ்' என்றார். நல்ல பிரேக்காம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அக்கா வரவில்லை. வயிற்றோடு லாரியில் குலுங்க வேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். ராவுத்தர் மட்டும் கடையை விட்டு வந்து, 'ஜெயிச்சுட்டு நேரா கடைக்கு வந்துருங்க, ரொட்டிப் பெட்டி ரெடியா இருக்கு' என்றார்.

திரும்பி வருகிற வழியில், டவுனுக்கு நாலு மைல் முன்னால், நீளமான ஓர் இறக்கம் உண்டு. அடிவாரத்தில் ரோடு இடப்பக்கம் திரும்பி ஒரு மரப்பாலத்தில் ஏறும். அந்தத் திருப்பத்தில் தண்ணீர் பாட்டிலும் நனைத்த துண்டுமாக நான் நிற்பது என்று ஏற்பாடு. பந்தயம் தொடங்குவதற்கு முன்பே ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு அங்கே போய்விட்டேன். போகும்போது அதே மேட்டில் மச்சான் ஏறிப்போனதைப் பார்த்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாகப் போனார். என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். ஆயர் ஈத்தாமில் வண்டி திரும்பியதற்கு அடையாளமாக ஒவ்வொருவரின் இடக்கை மணிக்கட்டிலும் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அது இல்லாமல் வந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நான் நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். வெயிலில் தார் மினுமினுத்தது. கொஞ்ச நேரம் கழித்து மேட்டின் உச்சியில் மலாய் வாத்தியாரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவருக்கு இருபது முழம் பின்னால் மச்சான்.

வாத்தியார் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, நிதானமாக இறங்கினார். மச்சான் அவரைத் தாண்டினார். கூட்டம் ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன். முதல் ஆள் என் மச்சான், அக்கா இங்கேயே இருப்பாள், குழந்தை இங்கேயே பிறக்கும் என்று ஒரே ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுகணம் வண்டியின் வேகம் சரியில்லை என்று தெரிந்தது. அவர் மிதிக்கவில்லை. கால்கள் நின்றுவிட்டன, வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. வலது கை பிரேக்கைச் சேர்த்துப் பிடித்திருந்தது. முகம் முழுக்கப் பல்லாக இருந்தது, அதைச் சிரிப்பு என்று பிறகு சொன்னார்கள். அப்போது அவருடைய இடக்கை தன் பக்கத்துப் பிடியை விட்டுவிட்டு, அந்தச் சிவப்புத் துணியோடு, குறுக்கே வந்து வலக்கையின் மேல் விழுந்தது. ஒரு கைக்குப் போதாததை இரண்டு கையாலும் இழுத்தார். இரண்டு கையும் ஒரே பக்கம் போய்விட்டால் வண்டியைத் திருப்ப முடியுமா? திருப்பம் வந்தபோது வண்டி திரும்பவில்லை. நேரே போய்ப் பாலத்தின் கைப்பிடி மரத்தில் மோதியது. என் கையிலிருந்த துண்டை நான் கீழே போடக்கூட இல்லை. அதே ஈரத் துண்டால்தான் அவர் தலையைத் தாங்கினேன். 'மாப்ள, நிக்கல' என்றார். லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். வாத்தியாரைத் தாண்டுகிற வெறியில் வேகத்தைக் குறைக்கவே இல்லை, திருப்பத்தில் கையைக்கூட விட்டுவிட்டு ஓட்டினான், அவ்வளவு திமிர் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். மறுநாள் பெரட்டில் கிராணி, பரிசுக்கு ஆசைப்பட்டுக் கண்மூடித்தனமாக ஓட்டியதால் வந்த வினை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இரண்டு நாள் கழித்துப் போலீஸ் நிலையத்திலிருந்து வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். சக்கரத்தில் அப்பியிருந்த பழுப்பு மெழுகை அவர்கள் ரோட்டுத் தார் என்று நினைத்திருந்தார்கள். ஒரு கட்டை எங்கேயோ தெறித்துவிட்டது. மற்றதில் ரப்பர் உருகி வழிந்து ஓரத்துக்குப் போயிருந்தது. வெறும் இரும்புக் கூடு சக்கரத்தில் உரசி, உரசி, சாய்வாகத் தேய்ந்திருந்தது. சக்கரத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் வெள்ளிக் கோடு இழுத்ததுபோல் புதுக் கீறல். கட்டை உருகிய பிறகும் அவர் பிடியை விடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான் அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் தகட்டைத் திருடியது தெரியும், வேலை போகும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அக்கா என்னை என்ன கண்ணால் பார்ப்பாள் என்ற பயம்.

கிராணியின் தாளில் இருந்த பெயரை மாற்றி அக்காவின் பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். சொன்ன நாளில் போக வேண்டும் என்றார்கள். துணைக்குக் கூட்டத்தில் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. மச்சானின் அம்மா ஊரில் இருக்கிறாள், அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்றார்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் அக்கா ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு நேர் எதிரேதான் பந்தயம் தொடங்கிய இடம். அவள் அழவில்லை. ரயில் வருகிற சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து, 'தம்பி, நீ கீழதான நின்ன. நல்லா பாத்திருப்ப. அவரு பிரேக்கப் புடிச்சாரா இல்லையா?' என்று கேட்டாள்.

பிடித்தார் என்று சொன்னால், பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது. நான் ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, 'நான் கவனிக்கலக்கா' என்றேன். அவள் பிடித்திருந்த என் கையை விட்டாள். 'அப்ப புடிக்கலதான்' என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொடுத்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஆறு மாத வயிற்றோடு, பார்த்தே இராத ஊருக்கு, புருஷன் தன்னையும் பிள்ளையையும்விட ஒரு பந்தயத்தைப் பெரிதாக நினைத்தான் என்ற எண்ணத்தையும் சுமந்துகொண்டு அவள் போனாள். அந்த எண்ணத்தைக் கொடுத்து அனுப்பியவன் நான்.

பிறகு நான் தோட்டத்தில் நிலைக்கவில்லை. அந்தப் புகை வாடையில் மூச்சுவிட முடியவில்லை. குளுவாங் போய் அதே தவுக்கேயின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே அவர் ஒரு டப்பா நிறையக் கறுப்புக் கட்டைகளை என் முன்னால் வைத்து, தேய்ந்த வண்டிகளைக் காட்டினார். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்தால்தான் அது சூட்டைத் தாங்கும் என்று அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். எங்கள் மரத்துப் பால் கப்பலில் போய், சீமையில் வெந்து, கட்டையாகத் திரும்பி வந்து அந்த டப்பாவில் கிடந்தது. அதைச் சுரந்த மரத்துக்குக் கீழேயே நின்ற எங்களுக்கு அது வேகாதது என்று தெரிந்திருக்கவில்லை. மச்சானுக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக எழுதினார்கள். ஆரம்பத்தில் வருடத்துக்கு இரண்டு கடிதம், பிறகு ஒன்று, ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் அதுவும் இல்லை. நான் பணம் அனுப்பினேன், துணி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பேன். 'மற்றபடி இங்கே எல்லாரும் நலம்' என்று எழுதி ஒட்டிவிடுவேன். இங்கே எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான்.

போன மாதம் மருமகனிடமிருந்து, அக்காவின் அந்தப் பிள்ளையிடமிருந்து, கடிதம் வந்தது. அக்கா போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் நாலு பக்கம் எழுதியிருந்தான். அம்மா தன்னைக் கடைசிவரை சைக்கிளில் ஏறவே விடவில்லையாம். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல் நடந்தே போனானாம். யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால், 'நிறுத்தத் தெரிஞ்சும் நிறுத்தாத மனுஷன்' என்று மட்டும் சொல்வாளாம். அவருடைய படமோ பொருளோ ஏதாவது மாமாவிடம் இருக்கிறதா, என் மகனுக்குக் காட்டவாவது ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தான்.

படம் எதுவும் இல்லை. பொருள் ஒன்று இருக்கிறது. இதை எழுதும்போது டின்னைத் திறந்து அதை மேசைமேல் வைத்திருக்கிறேன். அன்று சூட்டில் இளகிப் போன ரப்பர் இப்போது கல்லாகிவிட்டது, என் நகம் அதில் இறங்கவில்லை. முகர்ந்து பார்த்தால் மட்டும் அந்தப் பழைய புகையின் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரும்பின் தேய்ந்த பக்கத்தில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், உள்ளே வெள்ளையாகவே இருக்கிறது. நாளைக்கு இந்தத் தாள்களோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி மருமகனுக்கு அனுப்பப் போகிறேன். அவன் என்னை என்ன நினைத்தாலும் சரி. அவன் அப்பாவைச் சரியாக நினைத்தால் போதும். ஆனால் கேட்டவள் அவன் இல்லையே. கேட்டவள் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும், இத்தனை வருடம் கழித்து, கேட்க அவள் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

புடிச்சாரு அக்கா. ரெண்டு கையாலயும் புடிச்சாரு.